உலகம்மாளின் தட்டில் எத்தனை எண்ணம்

மாசி மாதம் பதினேழாம் தேதி காலை ஏழு மணிக்கு நான் ஒரு பெரிய முடிவு எடுத்தேன். இன்றிலிருந்து என் மனைவி உலகம்மாள் வாயில் போடுவதை எல்லாம் நானே எண்ணுவேன்.

எண்ணுவது எனக்குத் தொழில். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. அதன் பிறகு நாற்பத்தாறு வருடம் இராஜாக்கமங்கலம் தோப்புகளில் தேங்காய் எண்ணினேன். இந்தக் கையில் இரண்டு, அந்தக் கையில் இரண்டு. நாலு நாலாக எடுத்து எறிவேன். நூறு ஆனால் ஒரு காயைத் தனியே வைப்பேன். எங்கள் பக்கம் தேங்காயை 'இத்தனை எண்ணம்' என்றுதான் சொல்லுவோம். ஆயிரம் எண்ணம், இரண்டாயிரம் எண்ணம். குலசேகரனின் எண்ணம் தவறியது என்று எந்தத் தோப்புக்காரரும் சொன்னதில்லை. உலகம்மாள் மட்டும் சொல்லுவாள். "எண்ணம் எல்லாம் சரிதான். எண்ணந்தான் சரியில்ல."

முடிவுக்குக் காரணம் முந்தின நாள் நடந்தது. உலகம்மாளுக்கு மூன்று வாரமாக இடது கண்ணில் அடுப்புப் புகை மாதிரி ஏதோ நின்றது. ஊதினாலும் போகவில்லை, கழுவினாலும் போகவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் அன்று கண் டாக்டரும் வருகிறார் என்று கேள்விப்பட்டுக் கூட்டிப் போனேன். போன இடத்தில் இரண்டு பேர் விரலையும் குத்தி இரத்தம் எடுத்தார்கள். கண்ணைப் பார்த்து முடித்ததும் சுகர் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் பெயர் ஷிபா. அருமனை ஊர்க்காரர். பேச்சு பாட்டு மாதிரி இருக்கும். என்னைத்தான் முதலில் கேட்டார்.

"வீட்டுல அம்மா என்ன சாப்பிடுவாங்க ஐயா?"

பெண்களிடம் பேசும்போது நான் தரையைப் பார்த்துத்தான் பேசுவேன். தரையிடம் சொன்னேன். "நான் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவா."

"எப்போன்னு கேக்கல. என்ன சாப்பிடுவாங்க?"

கல்யாணமாகி நாற்பத்தொரு வருடம். நாளுக்கு மூன்று வேளை. நாற்பத்து நாலாயிரத்துச் சொச்சம் சாப்பாடு. அதில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. நான் கை கழுவி முற்றத்துக்குப் போன பிறகுதான் அவள் அடுக்களையில் உட்காருவாள். என்ன தின்பாள், எவ்வளவு தின்பாள், எனக்கு எப்படித் தெரியும்? தேங்காய் என்றால் தெரிந்திருக்கும்.

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் வெட்கத்தில் வெளியே வந்து, மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றேன். உலகம்மாள் வர இருபத்திரண்டு நிமிடம் ஆனது.

"என்ன சொன்னாவ?"

"எனக்கு சுகர் முந்நூத்திப் பன்னெண்டாம். மருந்து பாதி, சாப்பாடு பாதியாம். சாப்பாட்டுலேருந்துதான் தொடங்கணுமாம். சோறக் கொறச்சு, கீரையும் பயறும் மீனும் கூட்டி, மூணு மாசம் ஒழுங்கா இருந்தா நேராவுமாம்."

"கண்ணு?"

"நேராவும்னு சொன்னேன்லா."

"எனக்கு எத்தனை?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல. இரத்தந்தான் கொஞ்சம் கொறவு. இந்தச் சத்து மாத்திரையத் திங்கணும். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

எனக்குப் பாதி உயிர் வந்தது. முன்பு ஒருமுறை எனக்குப் பிரஷர் என்று சொல்லிவிட்டார்கள். நாற்பது நாள் உட்கார்ந்து நாடியை எண்ணினேன். எண்ண எண்ண ஏறியது. உறக்கம் போனது, சோறு போனது. எண்ணுவதை நிறுத்து என்று டாக்டர் கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் இறங்கியது.

மீதிப் பாதி உயிர் உலகம்மாளின் கண்ணில் நின்றது. அதனால்தான் அந்த முடிவு.

"ஏட்டி, தட்ட எடுத்துட்டு இங்க வா. எனக்க முன்னால வச்சுத் தின்னு."

"எதுக்காக்கும்?"

"எண்ணணும்."

"நான் என்ன தேங்காயா?"

"கண்ணு வேண்டாமா உனக்கு?"

"ஆம்பிளைக்க முன்னால உக்காந்து திங்கதவிட ரெண்டு கண்ணும் அவிஞ்சு போட்டும்."

"அப்படிச் சொல்லாத உலகம்மா."

என் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது போலிருக்கிறது. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்.

"செரி. நான் திங்கத நீங்களும் திங்கணும். எண்ணமும் ஒண்ணு போல இருக்கணும். உங்க தட்டுல மரச்சீனியும் எனக்க தட்டுல கீரையும்னா எனக்க நாக்கு கேக்காது."

மரச்சீனி என்றால் மரவள்ளிக் கிழங்கு. எங்கள் ஊரில் அவித்த மரச்சீனியும் மீன் குழம்பும் இல்லாவிட்டால் ஆண்பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்பதற்குச் சாட்சி கிடையாது.

"மரச்சீனி கிழங்குல்லா? சீனி இல்லியே?"

"பேருலேயே சீனி உண்டு."

"பேரப் பாத்தா, குலசேகரன்னு பேரு வச்ச நான் ராஜாவா?"

"அப்ப நான் அடுக்களைக்குப் போறேன்."

ஒத்துக்கொண்டேன். பெண்பிள்ளையை ஒரு கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன் என்று மனதுக்குள் பெருமையும் பட்டேன்.

முதல் வேளை, ஆளுக்கு இரண்டு இட்லி, ஒரு கரண்டி அவித்த சிறுபயறு. தோப்பில் முதல் காயை 'ஒன்று' என்று சொல்ல மாட்டோம், 'லாபம்' என்போம். பழக்கத்தில் அவள் முதல் இட்லியை எடுத்ததும் "லாபம்" என்றேன்.

"யாருக்கு?" என்றாள்.

அவள் சாப்பிடுவதை அன்றுதான் பார்த்தேன். தலையைக் குனிந்து, சுவர்ப் பக்கம் திரும்பி, யாரோ பிடுங்க வருகிற மாதிரி வேகமாகத் தின்றாள். அறுபத்து மூன்று வயதில்.

மூன்றாம் நாள் அடுக்களைக்குள் போனேன். சட்டியின் அடியில் ஒட்டியிருந்த சோற்றை அவள் சுரண்டி ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தாள்.

"இது யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. கிடக்கு."

"நீ திங்கப் போறியா?"

"பின்ன எறியவா?"

"இதெல்லாம் தினமும் திம்பியா?"

"நேத்தைக்கு தண்ணி ஊத்தி வச்ச பழஞ்சி, அடிப்பிடிச்ச சோறு, நீங்க மிச்சம் வச்ச கிழங்கு, பக்கத்து வீட்டுல குடுத்த பாயசம். உங்களுக்கு இனிப்பு கூடுனா பிடிக்காதுல்லா, நான் குடிச்சிருவேன். ஒரு பருக்கை வீணாவப்பிடாதுன்னு நீங்கதானே சொன்னிய?"

சொன்னேன். இந்த வீட்டில் ஒரு பருக்கை வீணாவதில்லை என்று ஊரெல்லாம் பெருமையும் பேசியிருக்கிறேன். வீணாகாத அவ்வளவும் எங்கே போயிற்று என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. நாற்பத்தொரு வருடமாக எங்கள் வீட்டு மிச்சமெல்லாம் ஒரே இடத்துக்குத்தான் போயிருக்கிறது. கடைசியில் கண்ணில் வந்து புகையாக நின்றிருக்கிறது.

அன்றிலிருந்து அரிசியை நானே அளந்தேன். ஆளுக்கு அரைக் கோப்பை சம்பா அரிசி. மிஞ்சாது. முருங்கைக்கீரைத் துவரன் என்கிற பொரியல், சாளை மீன் குழம்பு, வெள்ளரிக்காய், மோர். சாயங்காலம் கருப்பட்டி போடாத காப்பி. அது காப்பி இல்லை, காப்பியைக் கழுவின தண்ணீர்.

பக்கத்து வீட்டு நாராயணபெருமாள் மதிலுக்கு மேலே தலையை நீட்டுவார். கையில் வாழைப்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த பழம்பொரி இருக்கும்.

"என்ன ஓய், பொண்டாட்டிக்கு நோயி, நீரு பத்தியமா?"

"ஒப்பந்தம்."

"கருப்பட்டி சீனி இல்ல ஓய். பனையில இருந்து வருகது."

"சீனியும் மண்ணுல இருந்துதான் வருகு."

"நல்லா மெலிஞ்சுட்டீரு. வேட்டிய ரெண்டு சுத்து கூடச் சுத்தலாம்."

உண்மைதான். வேட்டி தளர்ந்தது. முன்பு பஸ் நிறுத்தம் வரை நடந்தால் மூன்று இடத்தில் நிற்பேன். இப்போது நிற்பதில்லை. ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பது ஒன்றாகக் குறைந்தது. எல்லாம் சத்து மாத்திரையின் வேலை என்று நினைத்தேன். அதுவும் அவள் மாத்திரையும் ஒரே வெள்ளை, ஒரே வட்டம். மாத்திரையை எண்ணிப் பார்த்தேனே தவிர, ஏன் ஒன்றுபோல் இருக்கிறது என்று நினைத்துப் பார்க்கவில்லை.

என் கவலை எல்லாம் டம்ளரில் இருந்தது. அவள் மோர் டம்ளரைத் தட்டுக்கு இடது பக்கம் வைப்பாள். எடுக்கப் போகும்போது கை தவறித் தட்டிவிடும். முதல் மாதம் ஆறு தடவை. இரண்டாம் மாதம் ஏழு தடவை. கண் நேராகி வந்தால் இது குறைய வேண்டுமே? நான் கீரையைக் கூட்டினேன். சோற்றில் இரண்டு கரண்டி குறைத்தேன். அவளும் குறைத்தாள், நானும் குறைத்தேன். பதினாலாம் தடவை மோர் தரையிலும் என் மடியிலும் கொட்டியதும் அவள் எழுந்தாள். துணியை எடுத்துத் துடைத்தாள். கொட்டியதில் பாதியைத் துடைக்காமல் விட்டாள். அந்தப் பாதி அவளுக்கு இடது பக்கம் இருந்தது.

அன்று நான் முற்றத்தில் போய் நின்றேன். எண்ணுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆனால் மறுநாள் தட்டவில்லை. அதற்கு மறுநாளும் தட்டவில்லை. ஒரு வாரம். இரண்டு வாரம். இருபத்தேழு நாள் ஒரு சொட்டு மோர் சிந்தவில்லை. நாராயணபெருமாளைக் கூப்பிட்டு மதிலுக்கு இந்தப் பக்கம் வரவழைத்துச் சொன்னேன்.

"நேராயிட்டு ஓய்! கண்ணு நேராயிட்டு!"

"கீரை தின்னா?"

"கீரை தின்னு!"

அவர் கையில் இருந்த பழம்பொரியை ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டு, பாதியைத் தூர எறிந்தார்.

வைகாசி பதினெட்டாம் தேதி, தொண்ணூற்றிரண்டாம் நாள், ஆஸ்பத்திரிக்குப் போனோம். இந்தத் தடவை நான் வெளியே போகவில்லை. டாக்டர் ஷிபா தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"அம்மா, நூத்தி நாப்பத்தெட்டு. நல்லாப் பாத்திருக்கீங்க. வலது கண்ணும் அப்படியே இருக்கு, மோசமாகல. இதுதான் வேணும். இப்படியே போகணும்."

"இடது கண்ணு?" என்றேன். தரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

டாக்டர் உலகம்மாளைப் பார்த்தார்.

"அது அன்னைக்கே போயிட்டுதே ஐயா. உள்ளே நரம்பு கெட்டுப் போச்சு, இனி வராதுன்னு கண் டாக்டர் சொன்னாரு. மத்தக் கண்ணையாவது காப்பாத்தணும்னுதான் சாப்பாட்டச் சொன்னோம். அம்மா சொல்லலியா?"

"இல்ல டாக்டர், நேராயிட்டு. இருபத்தேழு நாளா மோர் சிந்தல. நான் எண்ணியிருக்கேன்."

உலகம்மாள் மெல்லச் சொன்னாள். "டம்ளர வலது பக்கம் மாத்தி வச்சேன்."

நான் தட்டுக்குள் இருந்ததை எல்லாம் எண்ணினேன். தட்டுக்கு வெளியே இருந்தது என் எண்ணத்தில் இல்லை.

டாக்டர் அடுத்த தாளை எடுத்தார். "உங்களுக்கும் நல்லாக் கொறஞ்சிருக்கு ஐயா. இருநூத்தி எண்பத்தாறு இருந்தது, இப்ப நூத்தி இருபத்தொண்ணு. மாத்திரைய நிறுத்திராதீங்க."

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்தேன். முன்பெல்லாம் எந்தப் பக்கம் என்று பார்த்ததில்லை.

"எனக்கு இருநூத்தி எண்பத்தாறா?"

"ஆமா."

"அப்ப அந்தச் சத்து மாத்திரை?"

"சத்தமில்லாம திங்கதுக்குள்ள மாத்திரை."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீங்க நாடியப் பிடிச்சுட்டு உக்காருவிய. உங்களுக்குன்னு சொன்னா ஒரு கீரை திம்பியளா? எனக்குன்னு சொன்னாத்தான் எண்ணுவிய."

"கண்ணு போனதாவது சொல்லியிருக்கலாம்."

"சொன்னா? இனி என்னத்துக்குன்னு அன்னைக்கே விட்டிருப்பிய. உங்களுக்கு ஒரு எண்ணம் வேணும்லா."

சுசீந்திரம் பஸ் ஒன்று நிற்காமல் போயிற்று. நான் கை காட்டவில்லை.

"தொண்ணூத்திரெண்டு நாள் உலகம்மா. இருநூத்தி எழுபத்தாறு வேளை. கண்ணிமைக்காம உனக்க தட்டையே பாத்துட்டு இருந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியலியே."

"பாத்திய, இல்லேன்னு சொல்லல. நீங்க ரெண்டு கண்ண வச்சு எனக்க தட்டப் பாத்திய. நான் ஒரு கண்ண வச்சு உங்களுக்க தட்டப் பாத்தேன்."