எட்டு கோலும் நான்கு கிலோ ஆட்டுக்கறியும்

எனக்கு ஹொக்கி விளையாடத் தெரியாது. மட்டையைக் கையில் பிடித்தது ஒரே ஒரு தடவை, அதுவும் யாரோ காருக்குள் வைக்கச் சொன்னதற்காக. ஆனாலும் மெல்பேர்ணில் ஒரு ஹொக்கி அணியைத் தனியாளாக எட்டுக்குப் பூச்சியம் என்று தோற்கடித்த பெருமை எனக்கு உண்டு. எதிரணியைத் தோற்கடித்திருந்தால் பரவாயில்லை. ஐந்து வருடமாகக் குளிரில் நின்று நான் கைதட்டிய என் சொந்த அணி அது.

அணியின் பெயரைச் சொல்ல மாட்டேன். (அவர்களுடைய மின்னஞ்சல் பட்டியலில் இன்னும் நான் இருக்கிறேன்.) மேற்குப் புறநகரில், மழை பெய்தால் ஓரங்களில் குளம் கட்டும் மைதானம். விளையாடுவது நான்காம் பிரிவில். அதற்குக் கீழே தள்ளிவிட ஐந்தாம் பிரிவு என்று ஒன்று கிடையாது. வீட்டில் நான் "எங்கட பெடியள்" என்றுதான் அவர்களைச் சொல்வேன். அந்தப் பையன்களில் ஆக இளையவருக்கு முப்பத்தெட்டு வயது.

இந்த வம்புக்குள் என்னை இழுத்துவிட்டவர் டேவ். நான் சரக்குக் கணக்கெடுக்கும் மருந்துக் களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். அந்த அணியின் தலைவர். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் சனிக்கிழமை என்றாலே எனக்குப் பயம். மனைவி வதனிக்கு முதியோர் இல்லத்தில் வேலை, மகள் ஆரணிக்குத் தமிழ்ப் பள்ளி. எனக்குச் சுவரும் ஹீட்டரும் துணை. "சும்மா வந்து பாரேன்" என்றார் டேவ். போனேன். மைதானத்தின் நடுவில் நின்றபடி "ரவ்!" என்று கத்திக் கை காட்டினார். என் பெயர் ரவீந்திரன். அரைவாசிப் பெயர்தான் என்றாலும், இந்த நாட்டில் அதை ஒருவர் சந்தோஷமாகக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். நானும் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமைகூட நான் தவறவிட்டதில்லை.

எங்கள் ஆட்கள் விளையாடும் விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒரு வாரம் பட்டியலில் முதலாவதாக நிற்கும் அணியை ஐந்துக்கு ஒன்று என்று அடித்துத் துவைப்பார்கள். நான் வீட்டுக்கு வந்து, டேவ் அடித்த மூன்றாவது கோலைக் குசினிக்குள் தரை கூட்டும் தும்புத்தடியால் அடித்துக் காட்டுவேன். அடுத்த வாரம் எதிரணி ஒன்பது பேரோடு வரும். அந்த ஒன்பதில் ஒருவர் தம்பியின் விளையாட்டைப் பார்க்க வந்து, சப்பாத்து இரவல் வாங்கி இறங்கியவராக இருப்பார். அவர்களிடம் எங்கள் ஆட்கள் நான்கு கோல் வாங்குவார்கள். நாலில் இரண்டை அந்த இரவல் சப்பாத்துக்காரர் அடிப்பார். கோல்கீப்பர் கெவின் ஆறடி நாலங்குலம். ஒரு நாள் அவரைத் தாண்டிக் காற்றுகூடப் போகாது. இன்னொரு நாள் வேலிக்கு வெளியே நிற்கும் தன் நாயைப் பார்த்துக் கை அசைத்துக்கொண்டிருப்பார், பந்து பின்னால் வலைக்குள் கிடக்கும்.

களஞ்சியத்தில் ஒரு பெட்டி குறைந்தாலே காரணம் கண்டுபிடிக்கும்வரை எனக்குச் சாப்பாடு இறங்காது. இதை எப்படி விட முடியும்? சட்டையின் நிறம், காற்றின் திசை, கெவினின் நாய் வந்ததா இல்லையா என்று ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். மூன்றாவது வருடம் விடை கிடைத்தது. நான் மட்டன் ரோல்ஸ் கொண்டுபோன நாட்களில் அவர்கள் வென்றிருந்தார்கள். (மழை இல்லாத நாட்களில் மட்டும்தான் நான் ரோல்ஸ் வாங்கக் கடைக்குப் போவேன் என்பதும், மழை இல்லாத நாட்களில் மட்டும்தான் அவர்களுக்கு ஓட மனம் வரும் என்பதும் எனக்கு உறைத்தது பல வருடம் கழித்து.)

வதனியிடம் கொப்பியைக் காட்டினேன்.

"ரோல்ஸ் மட்ச் முடிஞ்ச பிறகுதானே சாப்பிட்டவை?" என்று கேட்டாள்.

"ஓம்."

"பிறகு சாப்பிட்ட ரோல்ஸ் எப்பிடியப்பா முதலே வெல்ல வைக்கும்?"

"பிறகு சாப்பிட்டதுக்கே இப்பிடியெண்டால், முதலே சாப்பிட்டால் எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாரும்."

"உங்களுக்கு விசர்" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போய்விட்டாள். பேச்சு அத்தோடு நின்றிருந்தால் எல்லோருக்கும் நல்லதாக இருந்திருக்கும்.

ஐந்தாவது வருடம் கழக நிர்வாகக் குழுவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பருவம் முடியும்போது அணி முதல் நான்கு இடங்களுக்குள் வராவிட்டால் அதைக் கலைத்துவிட்டு, மைதான நேரத்தைச் சிறுவர் அணிக்குக் கொடுக்கப்போகிறார்களாம். கடைசி ஆட்டத்துக்கு முன் நாங்கள் ஐந்தாவது இடத்தில் நின்றோம். வென்றால் நான்காவது, தோற்றால் வீட்டுக்கு. எதிரணியோ பட்டியலின் அடியில் கிடந்த அணி. மதிய இடைவேளையில் டேவ் அந்தக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: "பத்தொன்பது வருடமாக இதில் விளையாடுகிறேன், ரவ். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இனி என்னை எந்த அணி சேர்க்கும்?"

(அவர் பேசியது ஆங்கிலத்தில். அதில் ஒரு கெட்ட வார்த்தையும் இருந்தது.)

எனக்குக் கவலை பிடித்துவிட்டது. அவருக்காக என்று சொல்ல ஆசைதான், ஆனால் பாதி எனக்காக. சனிக்கிழமை போனால் மறுபடி சுவரும் ஹீட்டரும்தானே. "சனிக்கிழமை எல்லோரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள்" என்றேன். "ஆட்டம் இரண்டரைக்கு. பன்னிரண்டுக்கு வந்தால் போதும்."

டேவ் சரி என்றார். அவர் நினைத்தது ஆளுக்கு இரண்டு சான்ட்விச் என்று.

"நான் இதிலை இல்லை" என்று வதனி முதலிலேயே சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் இறைச்சியோடு வந்து இறங்கியதும் பையைத் திறந்து பார்த்தாள்.

"பதினொரு பேருக்கு ரெண்டு கிலோவோ? ஆக்கள் என்ன நினைப்பினம்?"

அவ்வளவுதான். இரண்டு கிலோ நான்கானது. கணவாய் மீனும் வந்தது. கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, தண்ணீர் மாதிரித் தேங்காய்ப்பால் சொதி, சம்பல், அவித்த முட்டை என்று அடுப்பில் இடமில்லாமல் போனது. இடியப்பத்தை மலையாக அடுக்கித் துணி போட்டு மூடினாள். கடைசியாக இனிப்புக்குப் பெரிய தட்டு நிறைய வட்டிலப்பம். ஆட்டத்தை யாருமே நினைக்கவில்லை. வந்தவர்கள் பசியோடு எழும்பக்கூடாது, அது ஒன்றுதான் எங்கள் கவலை.

எங்கள் தமிழர் வீட்டில் ஒருவர் "போதும்" என்றால் அது பேச்சின் ஆரம்பம். முதல் தடவை மரியாதைக்கு, இரண்டாவது தடவை வெட்கத்துக்கு. மூன்றாவது தடவை கையால் தட்டை மறைத்தால்தான் வீட்டுக்காரர் கரண்டியைப் பின்னால் எடுப்பார், அதுவும் அரை மனதோடு. டேவுக்கும் கெவினுக்கும் கையால் தட்டை மறைக்க யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்களுடைய தாய்மார் சொல்லிக் கொடுத்தது, தட்டில் விழுந்ததை மிச்சம் விடாதே என்று. எங்களுடைய தாய்மார் சொல்லிக் கொடுத்தது, விருந்தாளியின் தட்டைக் காலியாக விடாதே என்று. இரண்டு நல்ல வளர்ப்புகளும் அன்றைக்கு எங்கள் சாப்பாட்டு மேசையில் சந்தித்தன.

கெவின் மரியாதையாகத் தட்டை வழித்துச் சாப்பிடுவார். வெறும் தட்டைக் கண்ட வதனி துடித்துப்போய் மூன்று இடியப்பம் வைப்பாள். அவர் பெருமூச்சு விட்டு மறுபடி வழிப்பார். டேவ் "வேண்டாம்" என்று தெளிவாகத்தான் சொன்னார்.

"வெக்கப்படுகினம்" என்றாள் வதனி என்னிடம், கறியை ஊற்றிக்கொண்டே.

பக்கத்தில் நின்ற ஆரணிக்கு அப்போது பன்னிரண்டு வயது. "அப்பா, ஹீ செட் நோ" என்றாள்.

"அது மரியாதைக்குச் சொல்றது, பிள்ளை."

"நோ அப்பா. ஹீ மீன்ஸ் நோ."

பிள்ளைகளுக்குப் பழக்கவழக்கம் தெரியாமல் போகிறதே என்று எனக்குக் கவலையாக இருந்தது. நான் டேவுக்கு ஒரு முட்டை வைத்தேன்.

ஒன்றே முக்காலுக்கு வட்டிலப்பம் வந்தது. கெவின் பெல்ட்டில் இரண்டு ஓட்டை தளர்த்தியிருந்தார். ஒருவர் சோபாவில் கண்ணை மூடிக்கொண்டு, ஆட்டத்துக்குத் தன்னைத் தயார்படுத்துவதாகச் சொன்னார். குறட்டையும் விட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மைதானத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்கு இன்னும் கூசுகிறது. முதல் நிமிடத்திலேயே ஒரு கோல். டேவ் குனிந்து பந்தை நிறுத்த வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு அதைப் பார்த்தார். வயிறு குனிய விடவில்லை. மற்றவர்கள் பந்து தங்களிடம் வரட்டும் என்று காத்திருந்தார்கள். வந்த பந்து அவர்களைத் தாண்டிப் போனதும் தலையைத் திருப்பி வழியனுப்பினார்கள். மூன்றாவது கோலைத் தடுக்கக் கெவின் பாய்ந்து விழுந்தார். விழுந்தவர் எழும்பவில்லை. நடுவர் விசிலை ஊதிவிட்டு ஓடிப்போய் எங்கே அடிபட்டது என்று கேட்டார். அடி இல்லை, இப்படிக் கிடப்பது சுகமாக இருக்கிறது என்றாராம் கெவின்.

இடைவேளையில் எதிரணித் தலைவர் என்னிடம் வந்து, உங்கள் ஆட்களுக்கு ஏதும் காய்ச்சல் பரவுகிறதா என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

எட்டுக்குப் பூச்சியம். எல்லோரும் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்தொன்பது வருடத்தை ஒரு மதியச் சாப்பாட்டில் முடித்துவிட்டேனே என்று அழுகை முட்டியது. டேவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன்: கொப்பி, ரோல்ஸ், என் பெரிய கண்டுபிடிப்பு. அவர் கடைசிவரை கேட்டார். பிறகு ஒரு நீண்ட ஏப்பம் விட்டார்.

"ரவ், பத்தொன்பது வருடமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறோம். ஒரு காரணத்தோடு தோற்றது இன்றைக்குத்தான்."

அந்த வசனத்தையே அவர் குழுக் கூட்டத்திலும் போய்ச் சொன்னார். அணி மோசமில்லை, சாப்பாடுதான் காரணம், ஆகவே இன்னும் ஒரு வருடம் தர வேண்டும் என்று வாதாடினார். கழகச் செயலாளர் ஒரு கண்டிப்பான அம்மையார். மதியச் சாப்பாட்டால் எட்டு கோல் விழாது என்று அடித்துச் சொன்னார். அப்படியானால் நேரில் போய்ப் பாருங்கள் என்றார் டேவ். அடுத்த ஞாயிறு குழுவினர் ஐந்து பேரும் விசாரணைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். செயலாளர் குறிப்பேடும் பேனாவும் கொண்டுவந்திருந்தார்.

இந்தத் தடவை அளவோடு என்று வதனியும் நானும் பேசி வைத்திருந்தோம். செயலாளர் பாதியில் "போதும்" என்றார். வதனி என்னைப் பார்த்தாள், நான் வதனியைப் பார்த்தேன். "ஷீ செட் நோ" என்றாள் ஆரணி. வதனி இரண்டு இடியப்பம் வைத்தாள்.

வட்டிலப்பத்துக்குப் பிறகு குறிப்பேட்டில் எதுவும் ஏறவில்லை. செயலாளர் எங்கள் சோபாவில், பேனாவைக் கையில் பிடித்தபடி, முக்கால் மணி நேரம் தூங்கினார். எழும்பித் தலைமயிரைச் சரிசெய்துகொண்டு, "விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறோம்" என்றார். அணிக்கு இன்னும் ஒரு வருடம் கிடைத்தது. அந்த ஒரு வருடம் இன்றுவரை நீண்டுகொண்டிருக்கிறது. நிபந்தனை ஒன்றே ஒன்று: கடைசி விசில் ஊதும்வரை ரவ் உணவோடு மைதானத்துக்குள் வரக்கூடாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசலில் கெவினின் மனைவி என் பையைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறார். அவர்களுடைய விளையாட்டு அப்படியேதான் இருக்கிறது, ஒரு வாரம் சிங்கம், மறுவாரம் சொதி.

கதை எங்கள் சொந்தக்காரர் மத்தியிலும் பரவிவிட்டது. யாருக்காவது பரீட்சை, நேர்முகம் என்றால், "ரவி வீட்டிலை சாப்பிட்டிட்டோ போறியள்?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். போன மாதம் ஆரணிக்கு டிரைவிங் டெஸ்ட். காலையில் வதனி இடியப்பம் அவித்திருந்தாள். ஆரணி நின்ற நிலையில் ஒரு துண்டு டோஸ்ட்டைக் கடித்துக்கொண்டு சப்பாத்துப் போட்டாள்.

"ரெண்டே ரெண்டு சாப்பிட்டிட்டுப் போ, பிள்ளை" என்றேன்.

கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு, வழக்கத்துக்கு மாறாகத் தமிழிலேயே சொன்னாள்: "எனக்கு வேண்டாம் அப்பா. டெஸ்ட் எடுக்கிற ஒஃபிசருக்குக் கட்டித் தாங்கோ."

நான் சிரித்து முடிப்பதற்குள், குசினிக்குள் வதனி மூடியுள்ள டப்பா தேடும் சத்தம் கேட்டது.