வினி பாயின் படிப்புக் கூடம்

மாயெபூர்ப் பக்கத்துக் கரும்புக் கிராமங்களில் வினி பாயைப் போலத் தொல்லை பிடித்த மனிதர் பிறந்ததில்லை. எங்கள் தீவில் பேசும் கிரியோல் மொழியில் ‘வினி’ என்றால் ‘வா’. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஊரையே வதைத்தவர்.

சர்க்கரை ஆலைக்குத் தாழை ஓலைப் பை விற்பது அவர் தொழில். அதை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்திருக்கலாம். பள்ளிவாசலை ஒட்டிய தம் கிடங்கைக் காலி செய்து, நாலு பெஞ்சு போட்டு, மக்கா படம் ஒன்றை மாட்டி, படிப்புக் கூடம் என்றார். காலையில் குர்ஆன், மாலையில் உருது, பிரெஞ்சு, தமிழ். எந்த மதமானாலும் வரலாமாம். தொழுகைக்கு வேண்டியது அவருக்கு மனப்பாடம். மற்றபடி எந்த மொழியிலும் ஓர் எழுத்துத் தெரியாது; சொல்லிக்கொடுக்க ஆள் வைத்துக்கொள்வாராம்.

யாரும் வரவில்லை. பாய் சாலையில் இறங்கி ஆள் பிடிக்க ஆரம்பித்தார். கரும்பு வண்டி மாட்டைக் கொம்பைப் பிடித்து நிறுத்துவார். ஒருமுறை சவ ஊர்வலத்தை மறித்து, “இப்ப வேண்டாம், திரும்பும்போது வாங்க” என்றார். பாதையை அடைக்கிறார் என்று புகார் போய், விசாரிக்க வந்த போலீஸ்காரர் வனிலா தேநீர் இரண்டு கோப்பை குடித்து, பள்ளிவாசல் இமாமிடம் உருது எழுத்து அலிஃப், பே எழுதிப் பழகிவிட்டுத்தான் வெளியே வந்தார்.

நான் அப்போது இரண்டு ஏக்கர் கரும்புக்குச் சொந்தக்காரன். தமிழ் எழுதத் தெரிந்த திமிர் வேறு.

“தம்பி, வாசல்ல மாட்டணும். ‘எல்லாரும் வாங்க’ன்னு உங்க பாஷையில எழுதிக் குடுங்க” என்று ஒரு பலகையோடு வந்தார்.

‘மூளை இல்லாதவர்கள் உள்ளே வரவும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். சட்டை நுனியால் துடைத்து, பெருமையாக மாட்டினார்.

படிக்கத் தெரிந்த நாலு பேர் சொல்ல, தெரியாத நாற்பது பேர் சிரிக்க வந்தார்கள். சிரித்தவர்களை எல்லாம் பாய் தேநீர் கொடுத்து உட்கார வைத்தார். பாதிப் பேர் மறுநாளும் வந்தார்கள். பலகையைப் பற்றி யாரும் அவரிடம் வாய் திறக்கவில்லை. கூட்டம் சேர்ந்தபின் தலைநகர் போர்ட் லூயிஸிலிருந்து அவர் கூட்டிவந்த தமிழ் வாத்தியாருக்கும் சொல்ல மனம் வரவில்லை.

பாயும் பின் பெஞ்சில் உட்கார்ந்து தமிழ் கற்றார். எட்டு மாதம் கழித்து என் தோட்டத்துக்கு வந்தார்.

“பலகையைப் படிச்சிட்டேன் தம்பி.”

கரும்பு வெட்டும் கத்தியைக் கீழே வைத்தேன். “கழட்டிடலாம் பாய். வேற எழுதித் தரேன்.”

“எதுக்கு? நீங்க ஒழுங்கா எழுதியிருந்தா யாரு வந்திருப்பா?” ஒரு கரும்புத் தோகையைக் கிள்ளிப் போட்டார். “ஆனா படிச்ச அன்னிக்குச் சோறு இறங்கல.”

அன்று மாலையே நான் ஏணியோடு போய், பழையதைக் கழற்றி, ‘எல்லாரும் வாங்க’ என்று புதிதாக எழுதி மாட்டினேன். பாய் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

“வாத்தியார் ஊருக்குத் திரும்பிப் போறாரு. அவர் இடத்துக்கு நீங்க. வினி” என்றார்.

பதினொரு வருஷம், அவர் மௌத்தாகும்வரை, அங்கே தமிழ் சொல்லிக் கொடுத்தேன். பின் பெஞ்சிலிருந்து அவர் கடைசிவரை ‘தமில்’ என்றே சொன்னார். வேறு யார் அப்படிச் சொன்னாலும் பாடத்தை நிறுத்தித் திட்டுவேன். அவரை மட்டும் ஒருநாளும் திருத்தவில்லை.