ஒரு தட்டு சாகுபடி

"என்னம்மா இது, பயிர் மஞ்சப் பாய்ஞ்சு கெடக்கு! வரும்போது ஒரு பிடி யூரியா வாங்கிட்டு வா."

இளையபெருமாள் போனில் கத்தினார். பயிர் என்று அவர் சொன்னது, தஞ்சாவூரில் மகள் வீட்டுச் சமையலறையில், பிளாஸ்டிக் தட்டில் ஈரத்துணிமேல் முளைத்திருந்த வெந்தயத்தை.

"யூரியாவா! மூடி வெச்சிருந்ததால மஞ்சளா இருக்குப்பா. வெளிச்சம் பட்டாப் பச்சையாயிடும். ஞாயித்துக்கிழமை காலேஜ் கண்காட்சிக்கு வேணும், கெடுத்துடாதீங்க" என்றாள் சுடர்விழி.

மண்ணே இல்லாமல் ஒரு பயிர்! பூதலூரில் நாற்பது வருஷம் சேற்றில் நின்றவருக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை. முட்டி ஆபரேஷன் ஆகி ஆறு வாரமாக இங்கேதான் வாசம். வாக்கர் இல்லாமல் நடந்தால்தான் ஊருக்கு விடுவேன் என்றுவிட்டார் டாக்டர். அங்கே சம்பா நடவு நெருங்குகிறது. இவரோ விழுந்துவிடுவோமென்று பயந்து, பிசியோதெரபி கொடுக்க வரும் ஃபாஜில் எவ்வளவு கெஞ்சினாலும் வாக்கரை விடமாட்டார்.

வெளிச்சம்தானே? தட்டை இரண்டு கையாலும் ஏந்திப் பால்கனியில் வைத்தார். புறா வந்தது. ஹாலுக்குக் கொண்டுவந்தார். ஃபேன் காற்றில் பயிர் துவண்டது. மறுபடியும் சமையலறை. மனசு கேட்காமல், வயலுக்குப் பாய்ச்சுவதுபோல் விளிம்பு தளும்பத் தண்ணீர் விட்டார்.

மறுநாள் பாதி அழுகிவிட்டது.

"தெளிக்கத்தானேப்பா சொன்னேன்!"

"டெல்டாக்காரன்கிட்ட வந்து தண்ணியத் தெளின்னா?"

"கண்காட்சிக்கு என்னத்தக் கொண்டுபோவேன்?" மகள் அழுகிய தட்டையே பார்த்தபடி கேட்டாள்.

அவருக்குச் சுருக்கென்றது. அழுகியதைக் கழித்து, பழைய துணியை அலசி வாக்கரில் காயப்போட்டார். தட்டில் புதுத் துணி விரித்தார். பிழைத்த நாற்றையெல்லாம் பறித்து, மகள் புருவம் திருத்தும் இடுக்கியால் ஒவ்வொன்றாக வரிசை நடவு போட்டார். பிறகு காலையில் பால்கனி, மதியம் ஹால், புறா தலைகாட்டினால் சமையலறை என்று மூன்று நாள் தட்டும் கையுமாக அலைந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தட்டு முழுக்கப் பச்சை, ஒரு வரிசை பிசகவில்லை. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"சுடரு! மண்ணு இல்லாட்டி என்ன, நட்டவன் யாரு?" தட்டை ஏந்திக்கொண்டு விறுவிறுவென்று வாசல்வரை வந்துவிட்டார்.

கதவைத் திறந்த மகள் கண்கலங்கச் சிரித்தாள். வெளியே நின்ற ஃபாஜில் தட்டைப் பார்த்தான், அவர் காலைப் பார்த்தான், உள்ளே துணி காயும் வாக்கரைப் பார்த்தான்.

"அக்கா, இனிமே கண்காட்சின்னு பொய் சொல்ல வேணாம், அந்தத் தட்டக் குடுங்க, கரந்தையில இன்னொருத்தரு வாக்கர விடமாட்டேங்கிறாரு!"