தையல் மிஷின் ஓடும்போது மட்டும்

அன்பும் மதிப்பும் மிகுந்த சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அங்கு உங்கள் முழங்கால் உட்பட எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

உங்கள் மகன் முதல் தடவையாக எங்கள் வீட்டில் தங்க வந்து, வந்த அன்றே கூடத்துத் தரையில் குப்புறப் படுத்துக் கிடந்த செய்தி உங்கள் காதுக்கு வந்திருக்கும். மாப்பிள்ளைக்கு நாற்காலிகூடப் போடாத குடும்பம் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. என் மனைவி இணையத்தில் தையல் வகுப்பு நடத்துகிறாள் அல்லவா, கொஞ்ச நாளாக முக்கியமான இடம் வரும்போதெல்லாம் படம் உறைந்து நின்றுவிடும், மாணவிகள் மீதியை அவரவர் ஊகத்தில் தைப்பார்கள், ஒருத்தி கழுத்தையே மூடித் தைத்துவிட்டுத் தலையை எங்கே விடுவது என்று கேட்டாள், பாதிப்பேர் வேறு டீச்சரிடம் போவதாகச் சொல்லிவிட்டார்கள், இவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, இணைப்புக் கம்பெனிக்காரர்களோ இணைய இணைப்புப் பெட்டியை அணைத்துப் போடச் சொன்னார்கள், நானும் அணைத்து அணைத்துப் போட்டதில் ஸ்விட்சே ஆட ஆரம்பித்துவிட்டது.

மாப்பிள்ளை பெட்டியைத் தொடவே இல்லை. லேப்டாப்பில் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்குப் பொறுமையாகச் சொன்னார்: "இணைப்புங்கிறது அடுக்கடுக்கா இருக்கு மாமா. அடியில ஒயர், நடுவுல வழி காட்டுறது, மேல அனுப்பினது போய்ச் சேர்ந்துச்சான்னு பாக்குறது. ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியா கணக்கு வெச்சிருக்கும்." மேல் அடுக்கில் ஒரே சமாச்சாரத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பிய கணக்கு ஏகமாக இருந்தது, நடு அடுக்கில் குறையே இல்லை, அடி அடுக்கில் பழுதாகி வந்தவை நிறைய. ஆனால் அது எப்போதோ சேர்ந்ததாக இருக்கலாம், இப்போது கூடுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும் என்று காத்திருந்தார். கூடவில்லை. காப்பி ஆறியது. மாப்பிள்ளை வேலை செய்கிறாரே என்ற மரியாதையில் மிஷினைத் தொடாமல் இருந்த என் மனைவி, பொறுமை இழந்து அரைகுறையாக நின்ற ஒரு ரவிக்கையின் கையைத் தைக்க உட்கார்ந்தாள். திரையில் அடி அடுக்கின் பழுது எண்கள் மளமளவென்று ஏறின.

"அத்தை, நிறுத்துங்க," என்றார். நின்றது. "இப்ப ஓட்டுங்க." ஏறியது. மாமியாரை இப்படி அதட்டி வேலை வாங்கிய மாப்பிள்ளையை நான் பார்த்ததில்லை. அவளும் யாருக்கும் இப்படிக் கட்டுப்பட்டதில்லை. அப்புறம்தான் அவர் தரையில் படுத்தார். மிஷினின் இரும்புக் கால் இணைய ஒயரின் மேலேயே உட்கார்ந்திருந்தது, மிஷின் அதிரும்போதெல்லாம் அதைக் கடித்து மென்றிருக்கிறது. புது ஒயரைச் சுவரோரமாக இழுத்து, மறுபடி ஓட்டச் சொல்லிப் பார்த்தார். பழுதுக் கணக்கு அசையவில்லை. படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. மாணவிகள் எல்லோரும் திரும்பிவிட்டார்கள், இவள் சிரிக்கிறாள். இப்படி ஒரு பிள்ளையை வளர்த்துக் கொடுத்ததற்கு உங்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் நாங்கள் என்றைக்கும் கடமைப்பட்டவர்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கங்களும் சின்னவர்களுக்கு ஆசிகளும் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பி.கு.: படம் நன்றாகத் தெரிவதால் மாலையில் ஆண்கள் சட்டைக்கும் வகுப்பு தொடங்கிவிட்டாள். அளவெடுத்துக் காட்ட ஓர் உடம்பு வேண்டுமாம். தினமும் கைகளை விரித்துக்கொண்டு, குண்டூசிகளோடு, முப்பது பெண்கள் முன்னால் நிற்கிறேன். கொஞ்சம் அசைந்தாலும் எல்லோருக்கும் தெரிகிறது. தங்கள் மகனிடம் தனியாகக் கேட்டுச் சொல்லவும்: மாலையில் மட்டும் அந்த அடி அடுக்கை லேசாகக் கெடுத்து வைக்க முடியுமா? அத்தைக்குத் தெரிய வேண்டாம்.