வேர்க்கடலை கேட்ட இரும்பு மனிதன்

"நான் பார்த்தப்போ அந்த இரும்பு மனுஷன் திரையிலேருந்து எறங்கி நேரா எங்கிட்ட வந்தான். கையை நீட்டி வேர்க்கடலை கேட்டான். ஒரு பொட்டலம் குடுத்தேன். தோலோட தின்னுட்டு மறுபடியும் திரைக்குள்ள ஏறிப் போயிட்டான்" என்றார் ஆதிமூலம்.

சோற்றுத் தட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வேணுவும் வள்ளியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேணுவுக்குப் பன்னிரண்டு வயது. வள்ளிக்கு ஒன்பது வயது. வாய் மட்டும் நாற்பது.

"கொட்டாயில இருந்த மத்தவங்கல்லாம் என்னப்பா பண்ணாங்க?" என்றாள் வள்ளி.

"பயத்துல கண்ணை மூடிக்கிட்டாங்க. அதான் சாட்சி இல்லாம போச்சு."

ரசம் ஊற்ற வந்த கஸ்தூரி கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினாள்.

"கல்யாணம் ஆன புதுசுல ஒரே ஒரு கடலை குடுத்தேன்னாரு. வருஷா வருஷம் ஏறி இப்போ பொட்டலமாயிடுச்சு. வேணு கல்யாணத்துக்குள்ள மூட்டையாயிடும். சாப்புடுங்க."

இந்த விஷயம் பதினைந்து வருடங்களாக ரசத்தோடு ரசமாக ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கொதிக்கவைத்தவர் கஸ்தூரியின் அண்ணன் சக்கரபாணி.

சக்கரபாணி தேரடித் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். எண்பத்தைந்தாம் வருடம் பொங்கலுக்கு ஒரு கலர் டிவியும் வீடியோ டெக்கும் வாங்கினார். அதிலிருந்து சனிக்கிழமை ஆனால் வேணுவும் வள்ளியும் மாமா வீட்டில்தான். அங்கே ராக்கெட்டுகள் பச்சையும் சிவப்புமாகப் பறந்தன, மோதின, வெடித்தன. வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைகள் தூக்கத்தில்கூட வெடித்தார்கள்.

"மாமா வீட்டுப் படத்துல ஒரு ஆளு கையாலேயே மின்னல் விடறான்பா."

"எங்க காலத்துப் படத்துல ஒருத்தன் கண்ணாலேயே விடுவான்" என்றார் ஆதிமூலம்.

"கலர்லயா?"

ஆதிமூலத்துக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலின் மேல் ஒரு அண்டாவை வைத்திருந்தால் கிரிவலம் வரும் கூட்டம் முழுவதற்கும் சோறு வெந்திருக்கும். கடலை எண்ணெய் மில்லில் எடை போடும் வேலை அவருக்கு. அந்த மாதச் சம்பளத்தில் டெக்கின் மேலே போர்த்துகிற துணியை வாங்கலாம்; அதுவும் சக்கரபாணி கடையில்தான் வாங்க வேண்டும். அவரிடம் சொந்தமாக இருந்தது அந்தப் பழைய படம் ஒன்றுதான். செவ்வாய்க் கிரகத்திலிருந்து பறக்கும் தட்டில் வந்து இறங்கும் இரும்பு மனிதன், தமிழில் பேசவைத்த இங்கிலீஷ் படம். பதினோரு வயதில் அடி அண்ணாமலைக் கொட்டகையில் பார்த்தது. அதை மட்டும் பிள்ளைகள் ஒருமுறை பார்த்துவிட்டால், மாமா வீட்டு மின்னலெல்லாம் ஃபியூஸ் போய்விடும்.

பிள்ளைகள் வேர்க்கடலைக் கதையை மாமாவிடம் ஒப்பித்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் வந்து இறங்கிய சக்கரபாணி, சிரித்து முடித்த பிறகுதான் செருப்பையே கழற்றினார்.

"மாப்ளே, அந்தப் படத்தைத்தான் எங்கயாவது போடச் சொல்லுங்களேன். நானும் வரேன். அந்த ஆளு எறங்கி வந்தான்னா என் டெக்கைத் தூக்கிட்டு வந்து உங்க வீட்டுல வெச்சுடறேன்."

"வரலைன்னா?"

"பெரிய லீவு முழுக்கப் புள்ளைங்க எங்க வீட்டுல இருக்கட்டும். இந்தப் புளுகுமூட்டை கிட்ட இருந்தா கெட்டுப்போயிடுவாங்க. என்ன வள்ளி, வரியா?"

வள்ளி உடனே தலையாட்டினாள். வேணு அதற்கும் முன்பே ஆட்டி முடித்திருந்தான். ஆதிமூலத்துக்கு அந்தத் தலையாட்டல்தான் தாங்கவில்லை.

"வருவான் மச்சான். சித்திரைப் பௌர்ணமிக்கு வருவான்" என்றார். சொன்ன பிறகுதான் யார் வாய் அது என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

கஸ்தூரி அண்ணனுக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். அதில் சர்க்கரை இல்லை.

அடி அண்ணாமலைக் கொட்டகையின் சொந்தக்காரர் தருமன், ஆதிமூலத்தோடு பள்ளியில் படித்தவர்.

"வேலூர்லேருந்து படப்பெட்டியை வரவழைச்சுடலாம். ஆனா பௌர்ணமிக்கு நான் சாமி படம் இல்ல போடுவேன்? மலை சுத்தற ஜனங்க தேங்காய்ப் பையோட வந்து உக்காருவாங்க."

"ஒரு ஆட்டம் மட்டும் எனக்காகப் போடு தருமா. என் புள்ளைங்களே கை விட்டுப் போற நெலமை."

தருமன் இளகினார். பெட்டியும் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. திறந்து பார்த்தால் பாதி ரீல்களை எலி தின்றிருந்தது. மிச்சம் ஒரு மணி நேரத்துக்குத்தான் வரும்.

"கவலைப்படாத" என்றார் தருமன். "ஜனங்க மூணு மணி நேரம் ஆகாம எழுந்திருக்க மாட்டாங்க. நடுநடுவுல சாமி படத்து ரீலைக் கோத்துடறேன்."

"செவ்வாய்க் கிரகத்துப் படத்துலயா?"

"போன வருஷம் ஒரு போலீஸ் படத்துக்குக் கடைசி ரீல் வரல. வேற படத்துலேருந்து ஒரு ராஜாவை எடுத்து ஒட்டினேன். அவரு வந்து திருடனுக்குத் தீர்ப்பு சொன்னாரு. கைதட்டல்ல கீத்து பறந்துச்சு."

படம் கிடைத்துவிட்டது. இனி அதிலிருந்து ஆள் இறங்க வேண்டும். மில்லில் மூட்டை தூக்கும் முருகையனை ஆதிமூலம் ஓரமாகக் கூட்டிப்போனார். முருகையன் நல்லவன், எதைச் சொன்னாலும் முதலில் சரி என்பான், பிறகுதான் கேட்பான்.

"சரிண்ணே. இன்னா செய்யணும்?"

"எண்ணெய் டின்னுல ஒரு சட்டை பண்ணித் தரேன். தலைக்கும் ஒரு டின்னு. படத்துல தட்டுக் கதவு தொறந்தவுடனே திரைக்கு அடியில பூந்து வெளிய வா. கொஞ்சம் நடந்துட்டு உள்ள போயிடு. வாயே தொறக்கக் கூடாது. செவ்வாய்க் கிரகத்துல தமிழ் கிடையாது."

"அங்க இன்னாண்ணே பேசுவாங்க?"

"உஸ்னு மூச்சு விடு, போதும்."

தகரக் கடைக்காரர் அளவெடுக்கக் கூப்பிட்ட நாளில் முருகையன் லோடு லாரியோடு போய்விட்டான். ஆதிமூலமே நின்று அளவு கொடுத்தார். தயாரான சட்டையைச் சாக்கில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்தார். கஸ்தூரி பெருக்கும்போது அது கணகணவென்று கோயில் மணி போல ஒலித்தது.

"என்னங்க இது?"

"ஆபீஸ் சாமான்."

"ஆபீஸுக்கு எதுக்குக் கழுத்தும் கையும்?" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை.

சித்திரைப் பௌர்ணமி சாயங்காலம் சக்கரபாணி தனியாக வரவில்லை. சாட்சிக்கென்று தேரடித் தெருக் கடைக்காரர்களை ஒரு வேன் நிறைய அள்ளிக்கொண்டு வந்தார். கொட்டகையில் ஏற்கெனவே மலை சுற்ற வந்த ஜனம் தேங்காயும் கற்பூரமுமாக நிரம்பி வழிந்தது. மேலேயிருந்து போட்ட ஊசி மறுநாள்தான் மணலில் விழும், அப்படி ஒரு நெருக்கம். நடுவில் இடுப்பளவு மண்சுவர். அந்தப் பக்கம் பெண்கள், இந்தப் பக்கம் ஆண்கள். கஸ்தூரி பெண்கள் பக்கம் போய்விட்டாள். பிள்ளைகளை மடியில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக வைத்துக்கொண்டு ஆதிமூலம் திரைக்கு நேர் எதிரே மணலில் உட்கார்ந்தார். பக்கத்தில் சக்கரபாணி நாற்காலி போட்டுக்கொண்டார்.

படம் தொடங்கியது. பறக்கும் தட்டு வந்தது. ஆதிமூலத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"அப்பா, தட்டைக் கட்டித் தொங்கவிட்ட நூலு தெரியுது" என்றான் வேணு.

"அது நூல் இல்லடா, கதிர்."

"கதிர்ல முடிச்சு இருக்குதே" என்றாள் வள்ளி. கொட்டாவியும் விட்டாள்.

நாற்காலி குலுங்கியது. சக்கரபாணி வேட்டி முனையை வாயில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கலர் வாங்கிக் கொடுத்தார் மாமா. குடித்து முடித்ததும் இரண்டும் அவருடைய நாற்காலிக்கே ஏறிவிட்டன. ஆதிமூலத்தின் மடி காலியாயிற்று. கடலைப் பொட்டலத்தை அதில் வைத்துக்கொண்டு, மச்சானின் தொடையில் ஆடிக்கொண்டிருந்த தன் மகளின் கால்களையே பார்த்தபடி இருந்தார். அந்தப் பார்வை பட்டு நாற்காலி தீப்பிடிக்காமல் போனது அண்ணாமலையார் செயல்.

மறுபடி விளக்கணைந்தது. பறக்கும் தட்டின் கதவு மெதுவாகத் திறந்தது. ஆதிமூலம் மூச்சைப் பிடித்தார். முருகையன் வரவில்லை. திரைக்குப் பின்னால் டமடமவென்று ஏதோ உருண்டது, அவ்வளவுதான்.

"ஆளு பஸ்ஸைத் தவற விட்டுட்டான் போல" என்றார் சக்கரபாணி. தேரடித் தெரு முழுவதும் சிரித்தது.

தட்டின் கதவுக்குள்ளிருந்து இரும்பு மனிதன் எட்டிப் பார்க்க வேண்டிய நேரத்தில் ரீல் முடிந்தது. தருமன் கோத்திருந்த அடுத்த ரீல் ஓடியது. பறக்கும் தட்டுக்குள் கைலாசம் தெரிந்தது. ஒற்றைக் காலில் தவம் செய்த பக்தன் முன் சிவபெருமான் கை தூக்கினார்.

"பக்தா, இதோ வந்தோம்."

திரையின் அடிப்பக்கம் புடைத்தது. தலையில் டின், உடம்பில் டின், கையில் டின்னாக ஓர் உருவம் தகதகவென்று வெளியே வந்து நின்றது.

கொட்டகையில் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். பிறகு ஒரு குரல் எழுந்தது:

"அண்ணாமலையாருக்கு அரோகரா."

அண்ணாமலை அரை அடி நகர்ந்து உட்கார்ந்தது என்று அன்று இருந்தவர்கள் இன்றும் சொல்வார்கள். முந்நூறு தேங்காய்கள் ஒரே சமயத்தில் உடைந்தன. கற்பூரம் எரிந்தது. கீற்றுக் கூரையை நினைத்துத் தருமன் வாளியோடு ஓடிவந்தார். வந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவரும் கும்பிட்டார்.

"சாமி, ஏரி நெறையணும்."

"சாமி, என் வூட்டுக்காரருக்கு இந்த ஊருக்கே மாத்தல் வரணும்."

இரும்பு மனிதன் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கையைத் தூக்கி ஆசீர்வதித்தான். உஸ் என்று மூச்சுவிட்டான். பிறகு கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேராக ஆதிமூலத்திடம் வந்து கையை நீட்டினான்.

ஆதிமூலம் திகைத்துப்போனார். வேர்க்கடலை விஷயத்தை அவர் முருகையனிடம் சொல்லவே இல்லை. இந்தத் தடியனுக்குள் இவ்வளவு சமயோசிதமா என்று வியந்தபடி பொட்டலத்தை நீட்டினார். டின்னின் வாய்த் துளைக்குள் கடலை போயிற்று. உள்ளே மெல்லும் சத்தம் கேட்டது.

பிள்ளைகள் மாமாவின் மடியிலிருந்து எப்போது குதித்தார்கள் என்று தெரியவில்லை. இரண்டும் ஆதிமூலத்தின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டிருந்தன.

"எங்கப்பாதான் கடலை குடுத்தாரு" என்று வேணு முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொன்னான்.

இரும்பு மனிதன் அதோடு போயிருக்கலாம். போகவில்லை. நாற்காலிப் பக்கம் திரும்பி, சக்கரபாணியின் காதைப் பிடித்துத் திருகினான். சும்மா இல்லை, ரேடியோவில் இலங்கை வானொலி தேடுகிற திருகல்.

"சாமி, தப்பு. மாப்ளையைப் புளுகன்னு சொன்னது தப்பு" என்று அலறிய சக்கரபாணி, நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தோப்புக்கரணம் போட்டார். சாட்சிக்கு வந்த கடைக்காரர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று அவர்களும் போட்டார்கள். எழுந்து பார்த்தபோது உருவம் திரைக்குள் போயிருந்தது.

டெக் அன்றே வந்துவிட்டது. ஆனால் வீட்டில் அதை யாரும் போடச் சொல்லவில்லை. பிள்ளைகள் அப்பாவின் இரண்டு பக்கமும் படுத்துக்கொண்டு, "வேற என்னப்பா படம் பார்த்த? அதுல யாரு எறங்கி வந்தாங்க?" என்று கேட்டார்கள். ஆதிமூலம் சமுத்திரத்துப் பூதத்திலிருந்து ஆரம்பித்தார்.

திருவண்ணாமலையே நம்பிவிட்டது. நம்பாத ஆள் ஒன்றே ஒன்றுதான்.

"டின்னுக்குள்ள ஆளு இருந்திருக்கும்" என்றாள் கஸ்தூரி, மறுபக்கம் திரும்பிப் படுத்தபடி.

"உங்க அண்ணன் காதைப் போய்ப் பாரு, தக்காளி மாதிரி கீது. உனக்கு அவரு தோத்ததுல வருத்தம். எப்பவும் அவரு பக்கம்தானே நீ?" என்றார் ஆதிமூலம். கஸ்தூரி முந்தானையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

காலையில் முருகையன் வாசலில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"கோச்சுக்காதீங்கண்ணே. அந்தச் சட்டை என் தோள்ல ஏறவேயில்ல. எம்மாம் நேரம் முட்டிப் பார்த்தேன். கீழ வுழுந்து உருண்டதுதான் மிச்சம். பொம்பளைங்க பக்கத்து வாசல்லயே எல்லாத்தையும் போட்டுட்டு, உங்க மூஞ்சில முழிக்கப் பயந்துகினு மலை சுத்தப் போயிட்டேன்."

"நீ வரவே இல்லியா?"

"அதான் மன்னிப்புக் கேக்க வந்தேன்."

ஆதிமூலத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்படியென்றால் வந்தவன் அவனே. செவ்வாயிலிருந்து, அவருக்காக, அதே கடலைக்காக. மூன்று எட்டில் சமையலறைக்குள் பாய்ந்தார்.

கஸ்தூரி அடுப்பு முன்னால் உட்கார்ந்து, கழுத்திலும் தோளிலும் சிவந்து கிடந்த கீறல்களுக்கு மஞ்சள் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தாள்.

"கஸ்தூரி, முருகையன் வரவே இல்லியாம். நெஜமாவேதான் எறங்கி வந்திருக்கான். இப்பவாவது ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேங்க, வந்தது நெஜந்தான்" என்றாள் கஸ்தூரி. "உள்ளதான் ஒரே வேக்காடு."