அதே ஃப்ரேம்தான் வர வேண்டும்

இப்போதெல்லாம் மனிதர்கள் படத்தைப் பார்த்துப் பொருள் வாங்குகிறார்கள். சட்டையா, படம். செருப்பா, படம். கட்டிலைக்கூட ஒரு தடவை உட்கார்ந்து பார்க்காமல் வாங்குகிறார்கள். வந்து சேர்ந்த பிறகு கால் ஆடுகிறது, கை ஆடுகிறது என்று அழுகிறார்கள். அழட்டும். தட்டிப் பார்க்காமல் வாங்குகிற ஆளுக்கு வேறு என்ன கிடைக்கும்?

செக்கிங் அப்படிப்பட்ட ஆள் இல்லை. கிடங்குக்கு வரும் சரக்கைச் சரிபார்ப்பதுதான் அவர் வேலை. மூட்டையைக் குத்திப் பார்ப்பார். டப்பாவைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். கல்யாண வீட்டில் நாற்காலி போட்டால்கூட இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். அதனால் எல்லாரும் அவரைச் செக்கிங் என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே யோசித்தால்தான் வரும்.

அந்தச் செக்கிங்தான் சனிக்கிழமை காலையில், சீனாவிலிருந்து வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு, கூடத்தில் அதையே முறைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

பெட்டிக்குள் புத்தம் புதிய சைக்கிள் ஃப்ரேம் இருந்தது. அதன் மேல் குழாயில், கட்டை விரலை வைத்தால் பொருந்துகிற மாதிரி ஒரு பள்ளம். பக்கத்தில் சிவப்புப் பெயின்ட்டால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி.

"கூரியர்காரன் வேலை. தூக்கிப் போட்டு உடைச்சிருக்கான்" என்றார்.

"அவரை ஏம்ப்பா திட்டுறீங்க?" என்றாள் மகள். "நல்லா யோசிச்சுப் பாருங்க."

யோசித்தார். காது மடல் இரண்டும் சூடாகிவிட்டன.

மகள் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறாள். திங்கட்கிழமையிலிருந்து அவளுக்கு விடிகாலை ஷிப்ட். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. சைக்கிளில்தான் போக வேண்டும். அவளுடைய சைக்கிளோ ஃப்ரேம் விரிசல் விட்டு மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. சக்கரமெல்லாம் நன்றாக இருந்ததால், ஃப்ரேம் மட்டும் வாங்கினால் போதும் என்று செக்கிங் தெருமுனை சைக்கிள் கடைக்குப் போனார்.

போனவர் சும்மா வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். கடைக்காரர் எடுத்துக் காட்டிய ஃப்ரேமில் கடைப் பெயர் போட்ட ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். அடியில் சீனத்துக் கம்பெனி ஒன்றின் பெயர் இருந்தது.

"அடப்பாவி! எவனோ செஞ்சதுக்கு உன் பேரை ஒட்டி விக்கிறியா?"

"அண்ணே, எல்லாக் கடையிலயும் அப்படித்தாண்ணே. ஸ்டிக்கர் மட்டும்தான் என்னுது. நான் இல்லன்னு சொல்லலையே."

"ஆமான்னும் சொல்லலையே! இதுக்குப் பேரு திருட்டு!"

கடையில் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் தன் குழந்தைக்கு மூன்று சக்கர வண்டி வாங்க வந்தவர். குழந்தைகூடத் திரும்பிப் பார்த்தது.

"இதே கம்பெனியில நேரா வாங்கிக் காட்டுறேன், பாரு. இனி உன் கடை வாசலை மிதிச்சா என்னை என்னன்னு கேளு!"

இப்படி ஒரு சபதம்.

மகள் போனில் அந்தக் கம்பெனியைத் தேடிப் பிடித்தாள். அங்கே விற்பனைக்கு ஒரு பெண் இருந்தாள். இவர்கள் எழுதுவதைப் போனே சீனத்தில் மாற்றும். அவள் எழுதுவதைத் தமிழில் மாற்றிக் கொடுக்கும்.

'அன்பான ஐயா, எங்கள் ஃப்ரேம் மிகவும் வலுவானது. சான்றிதழ் உள்ளது' என்று அவள் எழுதினாள்.

"சான்றிதழ் எவன் வேணா குடுப்பான். சுத்தியலால ஒரு போடு போட்டுக் காட்டச் சொல்லு" என்றார் செக்கிங்.

"அப்பா! புது ஃப்ரேமை யாராவது அடிப்பாங்களா?"

"அடிச்சுக் காட்டாத சரக்கை நான் வாங்க மாட்டேன்னு எழுது."

பாவம், அந்தப் பெண் அடித்து வீடியோ அனுப்பினாள். செக்கிங் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது என்ன, பச்சப் புள்ளைய தட்டித் தூங்க வைக்கிற மாதிரி? ஓங்கிப் போடச் சொல்லு!"

அடுத்த வீடியோவில் புஜம் பருத்த ஒரு ஆள் வந்தான். ஓங்கி ஒரு போடு. டங்கென்ற சத்தம் இங்கே சமையல்கட்டு வரைக்கும் கேட்டது. ஃப்ரேம் உடையவில்லை.

செக்கிங்குக்குப் பரம திருப்தி. ஆனால் உடனே அடுத்த சந்தேகம் வந்துவிட்டது. நல்லதைக் காட்டிவிட்டு மட்டமானதை அனுப்பினால்? கிடங்கில் அவர் பார்க்காத தில்லுமுல்லா?

"அடி வாங்கின அதே ஃப்ரேம்தான் வரணும். மாத்தி அனுப்பினா திருப்பி அனுப்பிடுவேன்னு எழுது. அடையாளத்துக்கு அதுல சிவப்புல ஒரு குறி போடச் சொல்லு."

'அன்பான ஐயா, உறுதியாக அதையேதானா?'

"அதையேதான்!"

வார்த்தை தவறாமல் அதையே அனுப்பிவிட்டாள்.

"சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாங்கப்பா" என்றாள் மகள். சிரிக்காமல்தான் சொன்னாள். அதுதான் அவருக்கு இன்னும் வலித்தது.

"பள்ளம்தானே, அந்தப் பக்கமிருந்து தட்டினா சமமாயிடும்" என்று செக்கிங் சுத்தியலைத் தேடி எடுத்தார். நாலு தட்டு. மேலே இருந்த பள்ளம் அப்படியே இருந்தது. கீழே புதிதாக ஒன்று வந்தது.

சரி, பெயின்ட் அடித்து மறைத்துவிடலாம் என்று, வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ட்டைப் பூசினார். தகர கேட்டில் அழகாக ஒட்டிய பெயின்ட் இதில் சளி மாதிரி வழிந்தது. யார் கண்ணிலும் படக்கூடாதே என்று பழைய செய்தித்தாளைப் போர்த்தி வைத்தார். சாயங்காலம் பார்த்தால் ஃப்ரேம் முழுக்கச் செய்தி. வானிலை அறிக்கை ஒரு பக்கம், காணவில்லை விளம்பரம் ஒரு பக்கம்.

"காணவில்லைன்னு போட்டிருக்கே, உங்க மூளையையா?" என்று கேட்டுவிட்டு அவர் மனைவி உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய சக்கரத்தை மாட்டினார். பின் சக்கரம் உள்ளே போகவில்லை. இரும்புக் கம்பியை விட்டு நெம்பிப் போக வைத்தார். முன் சக்கரத்தைத் தாங்குகிற கவையை ஃப்ரேமுக்குள் இறுக்கி, மகளை ஏறச் சொன்னார். அவள் ஹேண்டிலை நேராகத்தான் பிடித்தாள். வண்டி வளைந்து வளைந்து போய், எதிர்வீட்டுக்காரர் காயப்போட்டிருந்த வேட்டிக்குள் புகுந்து நின்றது.

"அப்பா, நான் நடந்தே போயிக்கிறேன்பா. கொஞ்சம் முன்னாடியே கிளம்பினா போதும்."

வேட்டியை உதறிக் கொடுத்துவிட்டு அவள் சொன்ன விதத்தில் கோபமே இல்லை. செக்கிங் தலையைக் குனிந்துகொண்டார். கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது கத்தியிருக்கலாம். விடியாத இருட்டில் அவளைத் தனியாக நடக்க விட முடியாது. இதைச் சரி செய்கிற கை ஒன்றே ஒன்றுதான். அந்தக் கைக்காரனைத்தான் நாலு பேர் நடுவில் திருடன் என்றார்.

பெட்டி வருவதற்கு முந்தின ஒரு வாரம் முழுக்க அவர் சைக்கிள் கடையைக் கடக்கும்போது எதிர்ப்பக்கமாகத்தான் போனார். கடையின் ஷட்டர் எப்போது பார்த்தாலும் பாதி இறங்கியே இருந்தது. உள்ளே டொக்கு டொக்கென்று தட்டுகிற சத்தம். 'குட்டு வெளிப்பட்டதும் ஒளியிறான்' என்று நினைத்து ஒரு அற்ப சந்தோஷம் பட்டிருந்தார்.

இப்போது மனைவியின் தம்பியைக் கூப்பிட்டார்.

"டேய், இதைக் கொண்டுபோய் அவன்கிட்டச் சரி பண்ணிட்டு வா. உன்னுதுன்னு சொல்லு. என் பேரு வாயில வரக்கூடாது."

"மாமா, பச்சைப் பெயின்ட்டைப் பாத்தாலே உங்க வீட்டு கேட்டு ஞாபகம் வருமே."

"போடா. உன் வீட்டுலயும் கேட்டு இருக்குல்ல?"

மச்சினன் போய்விட்டு மத்தியானம் கையை வீசிக்கொண்டு வந்தான்.

"வண்டி எங்கடா?"

"சாயங்காலம் ரெடியாயிடும். ஆனா மாமா, அவரு ஒரு மாதிரி ஆயிட்டாரு. பள்ளத்தைத் தடவிப் பாத்தாரு. 'உங்களுக்குமா'ன்னு கேட்டாரு."

"அப்படின்னா?"

"தெரியல. கண்ணெல்லாம் கலங்கின மாதிரி இருந்துச்சு. கூலி எவ்வளவுன்னு கேட்டேன். வேணாம்னுட்டாரு."

கூலி வேண்டாமாம்! செக்கிங்குக்குச் சுரீரென்றது. திருடன் என்று சொன்ன ஆளிடம் ஓசியில் வேலை வாங்குவதா? நேற்றிலிருந்து பட்ட அவமானத்தையெல்லாம் தராசின் ஒரு தட்டில் வைத்தாலும் இது ஒன்றே மறு தட்டை இறக்கிவிடும். சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனார். சபதம் போட்ட வாசலை மிதித்தார். ஷட்டர் பாதி இறங்கியிருந்ததால் குனிந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது. அதுவும் சரியாகத்தான் பட்டது.

மகள் சைக்கிள் சுவரோரம் சாய்ந்திருந்தது. நேரான ஹேண்டில். ஒட்டியிருந்த செய்திகளையெல்லாம் சுரண்டி எடுத்திருந்தார்கள்.

கடைக்காரர் இவரைக் கண்டதும் பதறிப்போய், சுவரோரம் அடுக்கியிருந்த எதையோ கோணியால் மூடினார்.

"தம்பி, அன்னைக்கு நான் பேசினது…" என்று செக்கிங் தரையைப் பார்த்து ஆரம்பித்தார்.

"நீங்க சொன்னது சரிதாண்ணே."

"இல்ல தம்பி, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அந்த வார்த்தை…"

"நீங்க பேசினதுல தப்பே இல்லண்ணே. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் உங்களப் பாப்பேன்? அவனுங்கள நம்பி மோசம் போயிட்டேன்."

கடைக்காரர் கோணியை எடுத்தார். வரிசையாகப் புது ஃப்ரேம்கள். ஒவ்வொன்றின் மேல் குழாயிலும் கட்டை விரல் அளவுக்கு ஒரு பள்ளம். பக்கத்தில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி.

"இந்த வாரம் வந்த சரக்கு. ஒண்ணு பாக்கியில்ல. ஒரு வாரமா ஷட்டரை இறக்கிட்டுத் தட்டிப் பாக்குறேன், நிமிரவே மாட்டேங்குது. இன்னைக்கு உங்க மச்சினனும் இதையே தூக்கிட்டு வந்தாரு. மனசு கேக்கல. அவரும் என்னைப் போல ஏமாந்தவர்தானேன்னு கூலி வாங்கல."

செக்கிங்குக்கு மெல்ல மெல்ல முதுகு நிமிர்ந்தது. நேற்றிலிருந்து மடங்கிக் கிடந்த முதுகு அது.

"நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா? எவனையும் நம்பக்கூடாது! தட்டிப் பாத்துத்தான் வாங்கணும்! விடாதே தம்பி, எவன் பண்ணினான்னு கேளு. கேட்டு நாலு வார்த்தை நல்லா விடு!"

"கேட்டாச்சுண்ணே, இப்பத்தான் பதில் வந்துச்சு" என்று கடைக்காரர் மனைவி போனோடு உள்ளேயிருந்து வந்தாள். "இந்த ஊர்ல யாரோ ஒரு பெரியவர், சுத்தியலால அடி வாங்காத ஃப்ரேமைத் தொடவே மாட்டேன்னாராம். அதான் இந்த ஊரு வழக்கம் போலன்னு நெனச்சு, நம்ம சரக்கு பூரா நாம கேக்காமலே ஒவ்வொண்ணா அடிச்சு அனுப்பியிருக்காங்க. அதுவும் இலவசமாம்!"

கடைக்காரர் சுவரோரம் இருந்த பச்சைச் சைக்கிளைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பிச் செக்கிங்கைப் பார்த்தார்.

செக்கிங் சைக்கிளைப் பிடித்து உருட்டிக்கொண்டு ஷட்டருக்குக் கீழே குனிந்தார். குனிந்தது போதவில்லை போலிருக்கிறது. டங்கென்று தலை இடித்தது. தடவிக்கொள்ளக்கூட நிற்கவில்லை. தெருவில் இறங்கி நாலு எட்டு போனதும், விரல் மூட்டால் ஃப்ரேமை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"இலவசமாம்ல" என்று முனகினார். "எவன் நம்புவான்?"

நடந்துகொண்டே இருந்தார்.