மூன்று வள்ளங்களுக்கு ஒரு பூசை

வங்காலை,
ஞாயிறு பின்னேரம்

அன்பு மகள் அனுஜாவுக்கு அப்பா பிலிப்பு எழுதிக்கொள்வது. நானும் அம்மா றோசம்மாவும் சுகம். நீ போனை எடுக்காதபடியால் உன் சுகத்தை அந்தோனியாரிடம்தான் விசாரிக்கிறோம்.

பல்கலைக்கழக வேலையை விடுகிறேன் என்று எழுதி, பதிவுத் தபாலில் சேர்க்கத் தந்துவிட்டுப் போனாயே, அந்தக் கடிதத்தைச் செவ்வாய்க்கிழமையே அனுப்பிவிட்டேன். ஆவுளியா, அதுதான் அந்தக் கடற்பசு, குறைந்து வருகிறது, வலையைப் பார்த்துப் போடுங்கள் என்று நீ ஆராய்ந்து எழுதியதற்குப் பேஸ்புக்கில் உன்னை ஏசினதை நான் வாசிக்கவேயில்லை.

சரி, வாசித்தேன். கண்ணாடி போட்டு முழுக்க வாசித்தேன். கடல் சிங்கம், ஒற்றைக் கழுகு, புயல் மகன் என்று மூன்று பேர்தான் ஓயாமல் ஏசுகிறார்கள், சொந்தப் பெயர் போடத் துணிவில்லாத மூதேசிகள். பதில் எழுதப் போனேன், அம்மா போனைப் பறித்துவிட்டாள். அவங்களுக்கு நல்ல புத்தி வரட்டும் என்று இன்றைய பூசையில் மன்றாடச் சொல்லிக் கருத்துக் கொடுத்தேன், ஆனால் அவசரத்தில் துண்டில் பெயர்களை மட்டும்தான் எழுதினேன். புதுச் சுவாமி என்ன நினைத்தாரோ, "கடல் சிங்கம், ஒற்றைக் கழுகு, புயல் மகன் ஆகிய வள்ளங்களின் நல்ல மீன்பாட்டுக்காக மன்றாடுவோம்" என்று மைக்கில் வாசிக்க, கோயில் முழுக்க "கேட்டருளும் ஆண்டவரே" என்றது. நானும் சொன்னேன், வேற என்ன செய்ய!

பூசை முடிய சுவாமி வள்ளங்களை ஆசீர்வதிக்கத் தீர்த்தத்தோட கரைக்கு நடக்கிறார், பின்னால சனம், துளி காத்தில்லை, கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்குது, எனக்கெண்டால் கனவுக்குள்ள நடக்கிற மாதிரி இருந்தது. "எங்க அந்த வள்ளங்கள்? சொந்தக்காரர் வாங்கோ" எண்டார். ஒருத்தரும் அசையேல்லை. கடைசியில எங்கட பாட்டுக்குழு றெக்சன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாறான்.

"சுவாமி, கடல் சிங்கம் வள்ளமில்லை. நான்தான்."

வள்ளத்துக்கெண்டு ஓங்கின கையைச் சுவாமியால நிப்பாட்ட முடியேல்லை, தீர்த்தம் அவன்ர முகத்தில விழுந்திட்டுது.

"தீர்த்தம் பட்ட வாயால இனி எப்பிடி மாமா ஏசுறது?" எண்டு என்னைக் கேக்கிறான்.

"ஏசாத. கடல்ல நீ கண்டதை எழுது" எண்டன்.

மணலில குந்தியிருந்து போனில, பேஸ்புக்கில எழுதினான்: "அனுஜா அக்கா, மன்னியுங்கோ. போன மாசம் எங்கட வலையில ஆவுளியா ஒண்டு பட்டது. வலையை அறுத்து விட்டனாங்கள். போகேக்க திரும்பிப் பாத்தது." அதைப் பாத்திட்டு ஒவ்வொருத்தரும் தாங்கள் கண்டதைச் சொல்ல, அவனே எல்லாருக்கும் எழுதினான், அவரவர் சொந்தப் பேரில. போய்ப் பார் பிள்ளை, கரையே உன்னோட நிக்குது. மற்ற ரெண்டும் வெளியூர் வள்ளங்கள் போல. அடுத்த ஞாயிறும் வாசிப்பம் எண்டார் சுவாமி.

மத்தியானம் கதிரையில கண்ணயர்ந்தன். ஒரு ஆவுளியா குட்டியோட வீட்டு முற்றத்துக்கு நீந்தி வந்து, "பிள்ளை எங்க?" எண்டு கேட்டுது. எழும்பின கையோட இதை எழுதக் குந்தினன்.

அந்தோனியார் உன்னையும் உன்ர ஆவுளியாக்களையும் காப்பாராக.

அன்பு அப்பா,
பிலிப்பு

பி.கு.: தபாலில போட்டது எண்டது பொய். தபால் கந்தோர் வாசல் வரைக்கும் நாலுதரம் போய்த் திரும்பினனான். கடிதம் அலுமாரியில, உன்ர பட்டமளிப்பு அங்கிக்குக் கீழ கிடக்குது. வேணுமெண்டால் நீயே வந்து எடு. அதுவரைக்கும் நீ லெக்சரர்தான், வகுப்புக்குப் போ.